என் படம் மாட்டியிருக்கும் இன்ஸ்டிடியூட்டில் சேரலாமா?

போன மாதம் ஒரு சனிக்கிழமை சித்தி மகன் வேளச்சேரியிலிருந்து போன் பண்ணினான். "அக்கா, இங்க ஒரு டெஸ்டிங் இன்ஸ்டிடியூட் பாக்க வந்தேன். மாடிப்படியில உங்க போட்டோ மாட்டியிருக்கு. வருஷம் அஞ்சரை லட்சம்னு போட்டிருக்காங்க. வீட்ல மூணு லட்சம்னுதானே சொன்னீங்க?"

மூன்று லட்சத்து இருபதாயிரம். அதுதான் நிஜம். அந்த வேலையை, அதாவது சாஃப்ட்வேரில் குறை கண்டுபிடிக்கும் டெஸ்டிங் வேலையை, வாங்கித் தந்ததும் அவர்கள் இல்லை.

"அப்ப சேரலாமா, வேண்டாமா?" என்று கேட்டான். ஒரு வார்த்தையில் சொல்ல முடியவில்லை. 'மோசம், பக்கமே போகாதே' என்று சொன்னால் அது பொய். 'நல்ல இடம்' என்றால் அதைவிடப் பெரிய பொய். அவனுக்குச் சொன்னதையும் சொல்ல விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். இன்ஸ்டிடியூட்டின் பெயரைப் போடவில்லை. விஜயநகர் பஸ் ஸ்டாண்டைச் சுற்றி மாடிக்கு மாடி இதே மாதிரி இருக்கின்றன. போர்டை மாற்றி மாட்டினால் எது எது என்று அவர்களுக்கே தெரியாது.

நான் அருப்புக்கோட்டை. பி.எஸ்சி. கணிதம். அப்பா விசைத்தறி ஓட்டுகிறார். 2023 ஜனவரியில் சிலம்பு எக்ஸ்பிரஸில் ஒரு சூட்கேஸும் இரண்டு டப்பா சேவும் கொண்டு சென்னை வந்தேன். வேளச்சேரியில் லேடீஸ் ஹாஸ்டல், நான்கு பேர் தங்கும் அறை, சாப்பாட்டோடு மாதம் 6,500. அந்த ஹாஸ்டலைப் பற்றித் தனியாக ஒரு விமர்சனம் எழுதலாம், சாம்பாரைப் பற்றி மட்டும் இரண்டு பத்தி வரும். அது இன்னொரு நாள்.

முதல் நாள் கவுன்சலிங். ஏசி அறை. வாசனைக்கு ஏதோ மெஷின் வைத்திருந்தார்கள். எதிரில் இருந்த மேடம் என் மார்க் ஷீட்டைப் பார்த்தார். "மேத்ஸாம்மா? மேத்ஸ்னா லாஜிக் நல்லா வரும். உனக்கு டெஸ்டிங்தான் கரெக்ட்" என்றார். மனசு குளிர்ந்துவிட்டது. எனக்கு அடுத்து உட்கார்ந்த பையன் பி.காம். "காமர்ஸாப்பா? அப்ப பேங்கிங் டொமைன் உனக்குத் தானா வரும். டெஸ்டிங்தான் கரெக்ட்." அவனுக்குப் பிறகு ஒரு மெக்கானிக்கல் டிப்ளமோ. அவருக்கும் டெஸ்டிங்தான் கரெக்ட். அப்போதே எழுந்து வந்திருக்க வேண்டும். வரவில்லை.

கட்டணம் 32,000. அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, மொத்தம் 37,760 என்று எழுதிக் காட்டினார். அடுத்த நொடியே குரலைத் தாழ்த்தி, "கேஷா கட்டினா ஜிஎஸ்டி வேணாம்மா, 32 மட்டும் குடு" என்றார். ஐயாயிரம் மிச்சம் என்று நான் சந்தோஷப்பட்டேன். கையில் தந்தது கடையில் விற்கும் ரசீதுப் புத்தகத்தில் கிழித்த ஒரு சீட்டு. ஜிஎஸ்டி எண் இல்லை, முகவரி இல்லை, என்ன படிப்பு என்று கூட இல்லை. ஏழு மாதம் கழித்துச் சண்டை போடப் போனபோதுதான் அந்தச் சீட்டின் மதிப்பு தெரிந்தது. ஒழுங்கான பில் இருந்திருந்தால் 1915-க்குப் போன் போட்டு நுகர்வோர் உதவி மையத்தில் புகார் பதிந்திருக்கலாம். என்னிடம் இருந்ததை வைத்து நான் பணம் கட்டினேன் என்று நிரூபிப்பதே பாடு. சித்தி மகனுக்கு முதலில் சொன்னதே இதுதான்: பில் கேள், அதில் 15 இலக்க எண் இருக்கிறதா பார், தமிழ்நாட்டுக் கடை என்றால் 33 என்று தொடங்கும், அதை ஜிஎஸ்டி தளத்தில் போட்டால் யார் பெயர் வருகிறது என்று பார். பில் கேட்டவுடன் முகம் மாறினால் கிளம்பி வந்துவிடு.

இன்னொன்றும் அதே மேஜையில் நடந்தது. 'இப்போது பாதி, வேலை கிடைத்ததும் மீதி' என்று ஒரு திட்டம் வைத்திருந்தார்கள். அதில் சேர்ந்தால் ஒரிஜினல் டிகிரிச் சான்றிதழை அவர்களிடம் கொடுத்து வைக்க வேண்டும். என் அறையில் இருந்த நாமக்கல் பெண் கொடுத்தாள். ஊரிலேயே ஒரு பள்ளியில் வேலை கிடைத்து, சான்றிதழ் சரிபார்ப்புக்குக் கேட்டபோது, மீதிப் பணத்தைக் கட்டிவிட்டு எடுத்துக்கொள் என்றார்கள். அவள் அப்பா நேரில் வந்து கத்திய பிறகுதான் கைக்கு வந்தது. ஒரிஜினலை யாரிடமும் கொடுக்காதீர்கள். காப்பி போதும். காப்பி போதாது என்று சொல்லும் இடத்தில் படிக்க வேண்டிய அவசியமே இல்லை.

சரி, படிப்புக்கு வருவோம். மூன்று மாதம் என்றார்கள், நாலரை மாதம் ஆனது. அச்சடித்த பாடத்திட்டத்தில் 'க்யூடிபி' என்று, டெஸ்ட்டைத் தானாக ஓட்டும் ஒரு கருவி இருந்தது. அதன் பெயர் யூஎஃப்டி என்று 2012-லேயே மாறிவிட்டது. நாங்கள் படித்ததோ 2023. அந்தத் தாளை எத்தனை பேட்ச்சுக்கு ஜெராக்ஸ் எடுத்தார்களோ.

ஜாவா என்ற புரோகிராமிங் மொழி பன்னிரண்டு நாளில் முடிந்தது. முடித்துவிட்டார்கள் என்பதுதான் சரி. ஜாவா எடுத்தவர் நல்ல மனிதர், ஆனால் ஸ்லைடைப் பார்த்து வாசிப்பார். 'இன்டர்ஃபேஸ்' என்றால் என்ன என்று கேட்டேன். "இன்டர்வியூல கேப்பாங்கம்மா, இந்த நாலு வரியை மனப்பாடம் பண்ணிக்க" என்றார். லேபில் இருந்த கம்ப்யூட்டர்களில் 4 ஜிபி ராம். ஜாவா எழுதும் எக்லிப்ஸைத் திறக்கச் சொல்லிவிட்டுக் கீழே போய் டீ குடித்து வரலாம், நாங்கள் நிஜமாகவே அப்படித்தான் செய்தோம். பத்து நாளில் பொறுமை போய், ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போய் 18,500-க்கு ஒரு பழைய லேப்டாப் வாங்கினேன். 8 ஜிபி ராம், எஸ்எஸ்டி. அம்மாவின் சீட்டுப் பணம் அது. என் மொத்தச் செலவில் ஒரு பைசா கூட வீணாகாத செலவு எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

பிரவுசரில் டெஸ்ட்டைத் தானாக ஓட்டும் கருவி செலினியம். அந்த வகுப்பு இன்னும் வேடிக்கை. மார்ச் மாதம். லேப் மெஷின்களில் குரோம் தானாகவே 111-க்கு அப்டேட் ஆகிவிட்டது. செலினியத்தைக் குரோமோடு இணைக்கும் குரோம்டிரைவரை சார் பென்டிரைவில் கொண்டு வந்திருந்தார், அது 110-க்கானது. ஓட்டினால் 'செஷன் நாட் கிரியேட்டட்' என்று சிவப்பாக வரும். அன்றைய இரண்டு மணி நேரமும் சரியான டிரைவரைத் தேடி, இறக்கி, எந்த ஃபோல்டரில் போட்டோம் என்று பாதையை எழுதுவதிலேயே போனது. இதையெல்லாம் தானே பார்த்துக்கொள்ளும் 'செலினியம் மேனேஜர்' செலினியம் 4.6 பதிப்பிலேயே வந்துவிட்டது, 2022 நவம்பரில். அதாவது நாங்கள் சேருவதற்கு முன்பே. சாருக்குத் தெரியாது. அவர் கற்றுக்கொண்டது செலினியம் 3. நாலாம் பதிப்பு 2021 அக்டோபரில் வந்தது, ஆனால் அவருடைய நோட்ஸுக்கு இன்னும் வந்து சேரவில்லை. பக்கம் முழுதாக வரும்வரை எப்படிக் காத்திருப்பது என்று கேட்டால் எல்லாவற்றுக்கும் 'த்ரெட் டாட் ஸ்லீப், ஐயாயிரம்' என்பார். ஐந்து நொடி தூங்கு என்று அர்த்தம். இருநூறு டெஸ்ட் இருந்து, ஒவ்வொன்றிலும் நாலு இடத்தில் ஐந்து நொடி தூங்கினால் தூக்கமே ஒரு மணி நேரத்தைத் தாண்டும். இதை நான் வேலையில் சேர்ந்த முதல் வாரம் என் டீம் லீட் வாயால் கேட்டுத் தெரிந்துகொண்டேன். கேட்ட விதம் அவ்வளவு சுகமாக இல்லை.

இதுவரை படித்தால், 'மோசம்' என்றே எழுதிவிட்டுப் போகலாமே என்று தோன்றும். போக முடியாததற்குக் காரணம் மாலை பேட்ச்.

ஆறு மணிக்கு மேல் மேனுவல் டெஸ்டிங், அதாவது கருவியில்லாமல் கையால் செய்யும் டெஸ்டிங், எடுக்க ஒருவர் வருவார். பகலில் தொரைப்பாக்கத்தில் ஒரு கம்பெனியில் வேலை, மாலையில் இங்கே. ஹெல்மெட்டைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு, நேராக ஆரம்பித்துவிடுவார். ஸ்லைடு கிடையாது. முதல் நாள் போர்டில் எழுதியது ஒரே வரி: வயது 18 முதல் 60 வரை. "இந்த ஃபீல்டுக்கு எத்தனை டெஸ்ட் போடுவீங்க?" என்றார். ஒரு பையன் நாற்பத்து மூன்று என்றான், 18-லிருந்து 60 வரை எண்ணி. சார் சிரிக்கவில்லை. "இருபத்தஞ்சுக்கு வேலை செஞ்சா இருபத்தாறுக்கு ஏன் செய்யாது? சந்தேகம் எங்க வரும்?" என்றார். ஓரத்தில் வரும். 17, 18, 60, 61. நாலே நாலு எண். புரோகிராம் எழுதுகிறவர் 'பெரியது' என்று போட்டாரா, 'பெரியது அல்லது சமம்' என்று போட்டாரா என்பது அந்த ஓரத்தில்தான் தெரியும். மூன்று வருஷம் கல்லூரியில் சமனிலிகளைப் பரீட்சைக்காகப் போட்டவளுக்கு, அந்தச் சமக்குறி அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது.

இரண்டாவது வாரம் எங்களுக்கு ஒரு வேலை கொடுத்தார். இன்ஸ்டிடியூட்டின் சொந்த வெப்சைட்டில் விசாரணைப் படிவம் இருக்கிறதே, அதை உடைத்துக் காட்டுங்கள் என்றார். உடைத்தோம். போன் நம்பருக்குப் பதினொரு இலக்கம் போட்டால் வாங்கிக்கொண்டது. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ஸ்பேஸ் தட்டினால் 'நன்றி, எங்கள் கவுன்சலர் அழைப்பார்' என்றது. பிறந்த தேதி அடுத்த வருஷம் என்று போட்டேன், அதற்கும் நன்றி. பட்டனை வேகமாக மூன்று முறை அழுத்தினால் மூன்று பேராகப் பதிந்தது. 'பிளேஸ்மென்ட்' என்று ஆங்கிலத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்ததில் ஒரு எழுத்து விட்டுப்போயிருந்தது. மொத்தம் பதினேழு குறை, டெஸ்டிங் பாஷையில் 'பக்', பிடித்தோம்.

அங்கிருந்துதான் நிஜமான பாடம் தொடங்கியது. பக்கைப் பிடித்ததோடு விடமாட்டார், எழுதச் சொல்வார். 'போன் நம்பர் ஃபீல்டு சரியில்லை' என்று எழுதிக் கொடுத்தேன். அப்படியே திருப்பித் தந்தார். எந்த பிரவுசர், எந்தப் பதிப்பு, போனிலா லேப்டாப்பிலா, என்ன தட்டினாய், என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தாய், என்ன நடந்தது. இவ்வளவும் இருந்தால்தான் கையெழுத்து. "நீ எழுதினதை நைட் பன்னெண்டு மணிக்கு ஒருத்தன் படிப்பான். அவன் உனக்குப் போன் பண்ணக் கூடாது" என்பார். நான் ஒரே பக்கை ஆறு முறை திருத்தி எழுதினேன். ஆறாவது முறை பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் அடுத்த ஆளின் தாளை எடுத்தார். அதுதான் பாராட்டு.

தீவிரம் வேறு, அவசரம் வேறு என்று அவர் சொன்ன விதமும் மறக்காது. அந்த எழுத்துப் பிழையால் ஒன்றும் உடையாது, தீவிரம் குறைவு. ஆனால் முகப்புப் பக்கத்தில் எல்லார் கண்ணிலும் படுகிறது, இன்றைக்கே திருத்த வேண்டும், அவசரம் அதிகம். வருஷத்துக்கு ஒரு முறை எடுக்கும் கணக்கு அறிக்கை மொத்தமாகக் கவிழ்ந்தால் தீவிரம் அதிகம், ஆனால் அதை எடுக்க இன்னும் எட்டு மாதம் இருக்கிறது என்றால் நாளை பார்க்கலாம். பதினேழு பக்கையும் தொகுத்து ஓனரிடம் கொடுத்தோம். அவருக்குக் கோபம் வந்ததாகக் கேள்வி. எழுத்துப் பிழையை மட்டும் திருத்தினார்கள்.

32,000-இல் இந்த இருபத்தாறு மாலைகளுக்கு மட்டும் 30,000 கொடுத்ததாகவே நான் கணக்கு வைத்துக்கொண்டிருக்கிறேன். அந்தச் சார் 2024-இல் குடும்பத்தோடு கோயம்புத்தூர் போய்விட்டார். அதனால் சித்தி மகனிடம் சொன்னேன்: போர்டைப் பார்க்காதே, யார் எடுக்கிறார் என்று கேள். டெமோ வகுப்பு அவர்கள் காட்டும் நாளில் வேண்டாம், நடந்துகொண்டிருக்கும் பேட்ச்சில் ஒரு நாள் பின்னால் உட்கார விடச் சொல். விடமாட்டோம் என்றால் அதுவே பதில்.

இனி அந்த 'நூறு சதவீத பிளேஸ்மென்ட்'. பதிவுக்கென்று தனியாக 3,000 வாங்கினார்கள். ஜூனிலிருந்து டிசம்பருக்குள் ஐந்து 'டிரைவ்', அதாவது ஆளெடுக்கும் இடங்களுக்கு, அனுப்பினார்கள். ஒன்று ராத்திரி ஷிஃப்ட்டில் போன் பேசும் வேலை. அடுத்த இரண்டும் நௌக்ரி வேலைத் தளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய வாக்-இன். அந்த விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸப் குழுவில் போட்டதுதான் அவர்கள் செய்தது. நாலாவதில் கிண்டியில் ஒரு அறைக்குள் உட்கார வைத்து, சேருவதற்கு முன் டெபாசிட் கட்டு என்றார்கள். ஐந்தாவது நிஜமான கம்பெனி. நாற்பது பேர் போனோம், ஒருவரையும் எடுக்கவில்லை.

நியாயமாக ஒன்று சொல்லிவிட வேண்டும். அந்த வருஷமே அப்படிப்பட்ட வருஷம். 2024 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் டிசிஎஸ்ஸில் ஆள் எண்ணிக்கை 13,249 குறைந்தது, இன்ஃபோசிஸில் 25,994 குறைந்தது. அவ்வளவு பெரிய இடங்களே ஆளைக் குறைத்துக்கொண்டிருந்தபோது வேளச்சேரி மாடியில் இருப்பவர் என்ன செய்வார்? வேலை வாங்கித் தராதது என் புகார் இல்லை. வாங்கித் தருவதாகச் சொல்லி மூவாயிரம் வாங்கியதுதான்.

அதற்கு அடுத்து அவர்கள் சொன்னது இன்னும் மோசம். அக்டோபரில் அதே கவுன்சலிங் மேடம் கூப்பிட்டார். "ஃப்ரெஷருக்கு மார்க்கெட் இல்லைம்மா. மூணு வருஷம் எக்ஸ்பீரியன்ஸ் போட்டுத் தரோம். ஆஃபர் லெட்டர், பேஸ்லிப், ரிலீவிங் லெட்டர் எல்லாம் வரும். அறுபதாயிரம்." அப்பாவிடம் கேட்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அப்பாவிடம் கேட்கவில்லை. எங்கள் ஹாஸ்டலில் இருந்த ஒரு அக்கா ஏற்கெனவே அப்படிப் போய்ச் சேர்ந்திருந்தார். நாலாவது மாதம் பின்னணிச் சரிபார்ப்பில் மாட்டினார். காகிதத்தில் மூன்று வருஷ வேலை, பி.எஃப். கணக்கில் ஒரு நாள் கூட இல்லை. 2014-லிருந்து ஆளுக்கு ஒரே ஒரு பி.எஃப். எண், பெயர் யூஏஎன், 12 இலக்கம். எந்தக் கம்பெனியில் எந்தத் தேதியில் சேர்ந்தோம், எப்போது விலகினோம் என்று வரிசையாக அதிலேயே நிற்கும். அதைக் கேட்டால் பேஸ்லிப் எத்தனை அழகாக இருந்தும் பிரயோஜனமில்லை. சாயங்காலம் நாலு மணிக்கு லேப்டாப்பையும் அடையாள அட்டையையும் வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்களாம். அந்த அக்கா இரண்டு நாள் கட்டிலை விட்டு எழவில்லை. இப்போது ஊரில் துணிக்கடை வைத்திருக்கிறார், நன்றாக இருக்கிறார். ஆனால் அவர் நல்ல டெஸ்டர். ஃப்ரெஷராகவே போயிருந்தால் இந்நேரம் எனக்கு மேலே இருந்திருப்பார்.

ஜூனிலிருந்து டிசம்பர் வரை கையில் நேரம் மட்டும்தான் இருந்தது. அப்போதுதான் ஜாவாவை உருப்படியாகப் படித்தேன், காசில்லாமல். என்பிடெல் என்ற இணையப் பாடத் தளத்தில் கரக்பூர் ஐஐடி பேராசிரியர் தேபாசிஸ் சமந்தா எடுக்கும் 'புரோகிராமிங் இன் ஜாவா', பன்னிரண்டு வாரம். பார்ப்பது இலவசம், தேர்வு எழுதிச் சான்றிதழ் வேண்டுமென்றால்தான் 1,000 ரூபாய். நிதானமாகப் போகும், சில இடங்களில் ரொம்பவே நிதானம், ஒன்றரை மடங்கு வேகத்தில் வைத்துக்கொள்ளலாம். ஆங்கிலம் திணறினால் மும்பை ஐஐடியின் ஸ்போக்கன் டுடோரியல் இருக்கிறது. பத்துப் பத்து நிமிட வீடியோக்கள், தமிழில் குரல் கொடுத்தவையும் உண்டு. திரையில் ஒருவர் தட்டத் தட்ட நாமும் பக்கத்தில் தட்டிக்கொண்டே போகலாம். தமிழ் சற்றுப் பாடப்புத்தகத் தமிழ். 'சொடுக்கவும்' என்று கேட்டவுடன் முதல் நாள் சிரித்தேன், மூன்றாம் நாள் நானும் சொடுக்கினேன். 'இன்டர்ஃபேஸ்' என்றால் என்ன என்று அந்த வருஷம் செப்டம்பரில் புரிந்தது. மனப்பாடம் பண்ணிய நாலு வரியும் சரியாகத்தான் இருந்தன. அவற்றுக்கு என்ன அர்த்தம் என்பதுதான் அதுவரை தெரியாமல் இருந்தது.

கல்லூரியில் இன்னும் படித்துக்கொண்டிருப்பவர்களுக்கு 'நான் முதல்வன்' திறன் பயிற்சித் திட்டம் இருக்கிறது, 2022 மார்ச்சில் தமிழக அரசு தொடங்கியது. எங்கள் காலத்துக்குப் பிறகு வந்தது, அதனால் நான் படித்துப் பார்த்துச் சொல்லவில்லை. என் தம்பி அதில் ஏதோ ஒரு கோர்ஸ் முடித்தான், குறை சொல்லவில்லை. அவன் எதையும் குறை சொல்லமாட்டான், அதனால் அதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

வேலை வந்த கதை சிறியது. ஹாஸ்டலில் பக்கத்து அறை அக்கா பெருங்குடியில் ஒரு கம்பெனியில் இருந்தார். அவர் தன் லீடிடம் என் பெயரைக் கொடுத்தார். 2024 பிப்ரவரியில் கூப்பிட்டார்கள். எழுத்துத் தேர்வு சுமார்தான். எஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸ் மொழியில் இரண்டு கேள்வி, ஒன்று தப்பு. அப்புறம் ஒரு சின்ன ஆப்பைக் கையில் கொடுத்து, ஒரு மணி நேரத்தில் என்ன குறை இருக்கிறதோ எழுதிக் கொடு என்றார்கள். மற்றவர்கள் பன்னிரண்டு, பதினைந்து எழுதினார்கள். நான் ஐந்துதான். ஆனால் ஐந்தையும் இரவு பன்னிரண்டு மணிக்கு ஒருவன் படிப்பான் என்று நினைத்து எழுதினேன். இரண்டு நாளில் ஆஃபர் வந்தது. பிடித்தம் போகக் கைக்கு மாதம் 23,000 சொச்சம்.

அப்பாவிடம் என்ன வேலை என்று விளக்கினேன். கேட்டுவிட்டு ரொம்ப நேரம் யோசித்தார். "எங்க முதலாளி பாவு அறுந்திருந்தா கண்டுபிடிச்சு கூலியைப் பிடிப்பாரு. ஒங்க ஆபீஸ்ல கண்டுபிடிச்சதுக்குக் கூலி குடுக்காங்களா?" என்றார். குடுக்காங்க அப்பா என்றேன்.

சேர்ந்த இடத்தில் செலினியமே இல்லை, அதே வேலையைச் செய்யும் ப்ளேரைட். மைக்ரோசாஃப்ட் 2020-இல் வெளியிட்டது. பட்டன் வரும்வரை அதுவே காத்திருக்கும், ஐயாயிரம் தூங்க வேண்டாம். ஆறு வாரத்தில் பழகிவிட்டேன். கருவி மாறும் என்பது தெரிந்ததுதான். இப்போது டெஸ்ட் ஸ்கிரிப்டைப் பாதிக்கு மேல் ஏஐ எழுதித் தருகிறது, நன்றாகவே எழுதுகிறது. நான் செய்வது அது எழுதியதில் 61 இருக்கிறதா என்று பார்ப்பது. பல நாள் இருக்கிறது. சில நாள் 25, 26, 27 என்று மூன்று டெஸ்ட் போட்டுவிட்டு வேலை முடிந்தது என்று சொல்கிறது, அந்த நாற்பத்து மூன்று என்ற பையன் ஞாபகம் வரும்.

ஆக என் மதிப்பெண் ஐந்துக்கு இரண்டு. அந்த இரண்டும் மாலை சாருக்கு, அவரும் இப்போது அங்கே இல்லை. சித்தி மகனை ஒரு மாதம் ஜாவாவை இலவசமாகப் படித்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். பிடித்தால் மேலே யோசிக்கலாம், பிடிக்காவிட்டால் 32,000 மிச்சம். இப்போது 55,000 ஆம், 'ஏஐ டெஸ்டிங்' என்று பெயர் மாறியிருக்கிறது.

அடுத்த சனிக்கிழமை படத்தை எடுக்கச் சொல்ல நானே போனேன். இரண்டாம் மாடித் திருப்பத்தில் மாட்டியிருக்கிறார்கள். வெயில் பட்டு முகம் வெளுத்து, போட்டிருக்கும் பச்சை சுடிதார் மட்டும் பளிச்சென்று இருக்கிறது. அது என்னுடையது கூட இல்லை, அந்தத் துணிக்கடை அக்காவுடையது. உள்ளே புதிய மேடம். நான் வாயைத் திறப்பதற்குள், "உட்காருங்கம்மா, என்ன டிகிரி?" என்றார். பி.எஸ்சி. மேத்ஸ் என்றேன், என்னதான் சொல்கிறார் பார்ப்போம் என்று. "மேத்ஸ்னா லாஜிக் நல்லா வரும்மா" என்றபடி ஒரு டேப்லெட்டை என் பக்கம் தள்ளினார். விசாரணைப் படிவம். டிசைன் புதிது, வண்ணம் புதிது. பெயரை எழுதினேன். போன் நம்பரில் பதினொரு இலக்கம் தட்டிவிட்டு பட்டனை அழுத்தினேன்.

நன்றி, எங்கள் கவுன்சலர் அழைப்பார் என்றது.